மினுக்கியின் மழைப்பாட்டு

மினுக்கி என்கிற குட்டித் தவளைக்கு நிலையான வீடு கிடையாது. ஒரு குளம் வற்றினால் அம்மா அவளை அடுத்த குளத்துக்குக் கூட்டிப் போய்விடுவாள். புதுக் குளம் என்றால் புதுப் பள்ளிக்கூடம். கோயில் குளத்துப் பள்ளியில் இழுத்து இழுத்துப் பாடச் சொன்னார்கள். அது பழகுவதற்குள் தண்ணீர் தீர்ந்துபோனது. அல்லிக் குளத்தில் படபடவென்று வெட்டிப் பாட வேண்டும். மினுக்கி அங்கேயும் இழுத்தாள். வகுப்பே சிரித்தது.

"எனக்குப் பாட்டே வேண்டாம்மா," என்று அழுதாள். ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே! அடுத்த ஊருக்குத் தாவிப் போகிற வழியெல்லாம் இரண்டையும் மாற்றி மாற்றி முணுமுணுத்தாள். ஒருமுறை இரண்டும் ஒன்றாகக் கலந்து வந்தபோது உடம்பு சிலிர்த்தது.

கடைசியில் பெரிய ஏரிக்கு வந்தார்கள். வற்றிய குளங்களின் தவளைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. முதல் மழை விழுந்ததும் ஆளுக்கொரு பாட்டைத் தொடங்கினார்கள். காது கிழிந்தது.

"நிறுத்துங்க! எங்க பாட்டுதான் பாட்டு!" என்று கத்தினார் கோயில் குளத்துக் கிழவர்.

"உங்க இழுவையைக் கேட்டா மழையே தூங்கிடும்," என்றாள் அல்லிக் குளத்து அக்கா.

மினுக்கி ஒரு தாமரை இலைமேல் ஏறினாள்.

"தாத்தா, நீங்க இழுங்க. அவர் மூச்சு வாங்குறப்ப நீங்க வெட்டுங்கக்கா. இப்படி..." என்று தானே பாடிக் காட்டினாள்.

கிழவர் இழுத்தார். அக்கா வெட்டினாள். இரண்டுக்கும் மேலே மினுக்கியின் குரல் ஏறியது. கரையோரம் இருந்தவர்களும் சேர்ந்துகொள்ள, ஏரியே அதிர்ந்தது.

பாட்டு முடிந்ததும் கிழவர் மூச்சிரைக்கக் கேட்டார்: "அடுத்தது என்ன பாட்டு, பாப்பா?"

மினுக்கி தொண்டையை உப்பவைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.