சூடம் அணைக்காத புரோக்கர்

"சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணுங்கண்ணே. அப்புறம் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்."

சந்திரவல்லி கேட்டேவிட்டாள்.

போடி ஜீப் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் ஜீப்புக்குள்ளிருந்து தலையை நீட்டினார்கள்.

அவள் புருஷன் பாண்டித்துரை மட்டும் தலை நிமிரவில்லை. தோளில் தூங்கிக்கொண்டிருந்த மகள் ரோஜாவைத் தட்டிக்கொடுத்தபடி மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

எதிரே நின்றவர் மகாராஜன். லோன் புரோக்கர். ஜெராக்ஸ் கடையில் போட்டிருக்கும் ஒற்றை நாற்காலிதான் அவருடைய ஆபீஸ். வாய்முறைக்கு சந்திரவல்லி அவருக்குத் தங்கச்சி. அதனால் பாண்டித்துரை மாப்பிள்ளை.

அவர் பேச்சைக் கேட்டுத்தான் வீட்டுக் கடனை மாற்றப் போனார்கள். ஃபைனான்ஸில் வட்டி அதிகம், பேங்கில் குறைவு. முதலில் பழைய கடனை முடித்துப் பத்திரத்தை வாங்கி வாருங்கள், பேங்கில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கந்துவட்டிக்கு வாங்கி முடித்தார்கள். தவணைக்கு முன்னால் முடித்ததற்கு அபராதம் தனி. வக்கீலுக்குத் தனி. வீட்டுக்கு மதிப்புப் போட வந்தவருக்குத் தனி.

எல்லாம் கட்டிய பிறகு பேங்க் கையை விரித்துவிட்டது. காரணம் கேட்டதற்கு, "சிபில் ஸ்கோர் பத்தலை" என்று ஒரே வார்த்தை.

இப்போது பத்திரம் கந்துவட்டிக்காரர் பீரோவில் இருக்கிறது. சந்திரவல்லியின் சங்கிலி அடகுக் கடையில். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்திருந்தாள்.

"லோன் கட்டாயம் வரும்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க வாயை நம்பித்தானே பழசை முடிச்சோம்? அந்தச் செலவை நீங்கதான் ஏத்துக்கணும்."

"விசாரிச்சுத்தான் தங்கச்சி சொன்னேன்."

"என்னத்த விசாரிச்சீங்க? ஏலக்காயைக்கூடச் சல்லடையில போட்டு, சொத்தையைப் பொறுக்கிட்டுத்தான் நாங்க தரம் சொல்றோம். நீங்க கமிஷன் வருமான்னு மட்டும் பாத்தீங்க!"

ஜீப்புக்குள் சிரிப்பு வெடித்தது. "பேருதான் மகாராஜன். நம்புனவனை ஆண்டியாக்கிருவாரு போல" என்றாள் ஒருத்தி.

பாண்டித்துரைக்கு உடம்பெல்லாம் கூசியது. "விடு புள்ள. வீட்டுல போய்ப் பேசிக்குவோம்" என்று முணுமுணுத்தான்.

"நீங்க சும்மா இருங்க. இப்படி வாயில்லாப்பூச்சியா இருக்கப்போய்த்தான் ஆளாளுக்கு நம்ம தலையில மிளகா அரைக்கிறாங்க."

மகாராஜனின் முகம் சிவந்துவிட்டது.

"சரி. கொண்டா சூடத்தை! விசாரிச்சுத்தான் சொன்னேன்னு அணைக்கிறேன்."

ஸ்டாண்டை ஒட்டி வேப்பமரத்தடியில் கருப்பசாமி பீடம். போடிமெட்டு ஏறும் டிரைவர்கள் அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அந்தப் பீடத்தில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து ஒருவன் ஒன்றைச் சொல்லிவிட்டால் இந்த ஊரில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இரண்டு பக்கத்தில் பொய் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்தைக் கருப்பன் பார்த்துக்கொள்வான்.

சந்திரவல்லி சூடத்தைக் கொளுத்தினாள்.

மகாராஜன் செருப்பைக் கழற்றினார். கையை நீட்டினார்.

உள்ளங்கை சுடருக்கு மேலே நின்றது. அவர் கண் சுடரிலிருந்து நகர்ந்து பாண்டித்துரையிடம் போனது. அவன் தோளுக்குப் போனது. அங்கேயே நின்றது.

கையை எடுத்துக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி. எம்மேலதான் தப்பு. அந்தச் செலவு பூராத்தையும் நான் தந்துர்றேன்."

ஸ்டாண்டே "ஓ" என்றது.

"பாத்தியா, சூடம்னதும் ஆளு பம்மிட்டான்" என்றார் டீக்கடைக்காரர், எல்லாருக்கும் கேட்கும்படி. சூடத்துக்குப் பின்வாங்கியவர் கையில் இனி யாரும் பத்திரத்தைக் கொடுக்கப் போவதில்லை. அது மகாராஜனுக்கும் தெரியும்.

சந்திரவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பீடத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டே மகாராஜன் பாண்டித்துரையின் பக்கம் சாய்ந்தார். குரல் அவனுக்கு மட்டும் கேட்டது.

"உங்க தம்பி சின்ராசு ஜீப்பு லோனுக்கு நீங்க ஜாமீன் போட்டிருக்கீங்க. அவன் தவணை கட்டல. அதுலதான் உங்க ஸ்கோர் விழுந்துருக்கு. பேங்குல காட்டுனாங்க மாப்ளே."

பாண்டித்துரை சட்டென்று மனைவி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

வேறு எங்கேயாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று மகாராஜன் முதல் நாளே கேட்டிருந்தார். அப்போது சந்திரவல்லி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தம்பிக்காக இனி எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தவன் பாண்டித்துரை. அதை மீறிப் போட்டதை அவள் முன்னால் எப்படிச் சொல்வது? இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டான். கடன் வாங்கியது தம்பிதானே, நாம் போட்டது வெறும் கையெழுத்துதானே என்று மனதையும் சமாதானப்படுத்திக்கொண்டான்.

"அணைச்சிருந்தா எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது மாப்ளே" என்றார் மகாராஜன். "பொய் சொன்னவன் வாரிசைத்தானே கருப்பன் தொடுவான்."

தூங்குகிற குழந்தையின் பாதத்தை லேசாகத் தொட்டுவிட்டு, ஜெராக்ஸ் கடைப் பக்கம் நடந்தார்.

சந்திரவல்லி கை நிறையத் திருநீறோடு வந்தாள். மகளுக்குப் பூசினாள். புருஷனுக்கும் பூசி, கண்ணில் விழாமல் ஊதிவிட்டாள்.

"பாத்தீங்களா? தப்புப் பண்ணுனவனால கருப்பன் முன்னாடி நிக்க முடியுதா?"

"முடியாது புள்ள" என்றான் பாண்டித்துரை.