அகில் புகை

குவைத்தில் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிந்திய வெயில் கூடத்தில் சாய்கிறது. மீன்தொட்டிக் கண்ணாடியில் மூக்கு உரச மிஷால் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே ஊதாவாய் விரிந்து ஆடிய உயிர்ப்பவளம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. உப்பைச் சோதித்தான், விளக்கை உயர்த்தினான், தண்ணீரை மாற்றினான், எதற்கும் அது தேறவில்லை. மறுபடி சோதனைக் குழாயைக் குலுக்குகிறான். அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி, அறைக்காற்றை உறிஞ்சியபடி முனகுகிறது. அவன் மனைவி ஹெஸ்ஸா தூபக்காலோடு வந்து தொட்டியைச் சுற்றி அகில் புகை காட்டுகிறாள்.

"சும்மா மண்டைய ஒடச்சுக்காதீங்க. இது கண்ணு பட்டது. உங்க அக்கா இத வாய் பொளந்து பாத்தாங்களே, கண்ணு படாம இருக்க ஒரு 'மாஷா அல்லாஹ்' சொன்னாங்களா? அன்னையிலேருந்து தினமும் புகை போடுறேன்."

"அன்னைக்கு இது நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருக்கும்போதே போட்டாத்தானே கண்ணு ஒட்டாது! உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்க."

மேலே போக வேண்டிய புகை, கருவியின் காற்றுக்குழாய் வாயருகே வளைந்து, நூலாய் உள்ளே இறங்குகிறது. தண்ணீருக்குள் நுரை பொங்குகிறது. குலுக்கிக்கொண்டிருந்த மிஷாலின் கை நிற்கிறது. ஹெஸ்ஸா கங்கின்மேல் இன்னொரு அகில் துண்டை வைக்கிறாள்.

"பாருங்களேன், எவ்வளவு ஆசையா இழுக்குதுன்னு!"