ஆளுக்கொரு செயலி

"உங்க ஆப்பை தேஜா புராஜெக்ட்ல போடுங்க அம்மணி. தேஜா, நீங்க உங்க ஆப்பை செவ்வந்தி புராஜெக்ட்ல போடுங்க. எது அலுங்காம குலுங்காம உக்காருதோ, அதுதான் இனி நம்ம எட்டு புராஜெக்டுக்கும். எழுதுனவங்கதான் புது டீமுக்குத் தலைமை!"

முதலாளி வெங்கடலட்சுமி சொல்லி முடிப்பதற்குள் கணபதியில் இருந்த அந்த மென்பொருள் அலுவலகம் மொத்தமும் மீட்டிங் அறையில் கூடிவிட்டது.

இரண்டு செயலிக்கும் வேலை ஒன்றுதான். தேதியும் நேரமும் கேட்டு டோக்கன் போட்டுக் கொடுக்க வேண்டும். செவ்வந்தியுடையது சென்னிமலை பெட்ஷீட் சங்கத்தின் தளத்தில் ஓடியது. தேஜாவுடையது தொண்டாமுத்தூர் தேங்காய் லாரிகளுக்கு. இரண்டும் பைத்தான் மொழியில் எழுதிய புராஜெக்ட்தான். ஆனாலும் ஓரிடத்துக்கென்று எழுதியதை இன்னோரிடத்தில் பொருத்தினால் எங்கே முரண்டு பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

செவ்வந்தி மூன்று வருடமாக ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவள். இன்று கோட்டைவிட்டால் இப்படியொரு வாய்ப்பு மறுபடி வராது.

"நான் மொதல்ல போட்டுறேனுங்க மேடம்," என்று தேஜா முந்திக்கொண்டான். "ஒவ்வொரு வரியும் நானே உக்காந்து எழுதுனதுங்க. அடுத்தவங்க எழுதுனத நான் தொடறதே இல்லீங்க."

செவ்வந்தியின் லேப்டாப் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த அந்தத் தோரணையே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு வரி தட்டினான். திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடின. அடுத்த நிமிடமே பெட்ஷீட் சங்கத்தின் பக்கத்தில் அவன் செயலி பளிச்சென்று வந்து நின்றது.

"டோக்கன் போட்டுப் பாருங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

போட்டார்கள். வந்தது! அறையே அதிரும்படி கைதட்டினார்கள்.

"அடேயப்பா, ஒரு சின்னப் பிசிறு கூட இல்லீங்களே!" என்றார் வெங்கடலட்சுமி.

செவ்வந்தி திரையை உற்றுப் பார்த்தாள். அந்தத் தளத்தில் தன் செயலியைப் பொருத்த அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இவனுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக?

"இப்ப நீங்க, கண்ணு," என்று செவ்வந்தியைப் பார்த்தார் முதலாளி.

தேஜா தன் புராஜெக்ட் இருந்த லேப்டாப்பை மூடப் போனான். "எதுக்குங்க மேடம்? அதான் எல்லாரும் பாத்துட்டோமுல்லங்க. நேரந்தான் வீணு."

"அதெப்படிங்க? போட்டின்னா ரெண்டு பேருக்குந்தான். நவுருங்க," என்றார் வெங்கடலட்சுமி.

செவ்வந்தி அவன் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். தன் செயலிக்கு அவள் அம்மாவின் பெயரையே வைத்திருந்தாள்: பாவாத்தாள். போன வருடமே அதை எல்லோரும் எழுதியதைச் சேர்த்து வைக்கும் அலுவலகத்தின் பொதுக் கிடங்கில் போட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருந்தாள். ஒருவரும் பதில்கூடப் போடவில்லை.

பெயரைத் தட்டி எண்டரை அழுத்தினாள். எதுவும் ஓடவில்லை. ஒரே ஒரு வரி மட்டும் வந்து நின்றது.

"என்னாச்சுங்க அம்மணி, கோளாறுங்களா?"

செவ்வந்தி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். திரையைச் சட்டென்று எல்லோர் பக்கமும் திருப்பினாள்.

"இல்லீங்க மேடம். பாவாத்தாள் இங்க தேஜா ஆப்போட சேந்து ஏற்கெனவே இருக்குதுன்னு வருதுங்க. தேஜா ஆப்புக்குள்ள ஓடறதே அதுதானுங்க, அதான் என் புராஜெக்ட்ல அவ்வளவு சுலபமா உக்காந்துச்சுங்க!"

தேஜா எட்டி லேப்டாப்பை மூடினான்.

"டீம் உங்களுதுங்க அம்மணி," என்ற வெங்கடலட்சுமி, அவன் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "அப்படீன்னா இத்தன நேரம் நாங்க கைதட்டுனது பாவாத்தாளுக்குத்தானுங்களா, தேஜா?"