கறுப்புப் போன்

"போன் மேல கைய வெச்ச, எனக்குக் கெட்ட கோவம் வரும் பாப்பா," என்றார் இக்னேஷியஸ்.

மகிழினி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். ராயபுரத்தில் விசைப்படகு எஞ்சினுக்கு உதிரி பாகம் விற்கும் கடை அது. மேசையில் கறுப்புப் போன், அதற்கு மேலே சுவரில் மாதா படம். படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பச்சை விளக்கு மினுமினுத்தது.

இன்டர்நெட் போன் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து அவள் இன்னும் ஒரு போன்கூட விற்கவில்லை. இன்றைக்கும் வெறுங்கையோடு வந்தால் நாளை வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

கைக்கு அடக்கமான ஒரு பெட்டியைக் காட்டினாள். பழைய போனையே இதில் செருகிக் கம்பி இல்லாமல் நெட்டிலேயே பேசலாம், கடைக்கு வரும் அழைப்பைக் குடோனிலும் எடுக்கலாம் என்றாள். இக்னேஷியஸ் மசியவில்லை. நெட்டு இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் படுத்துக்கொள்ளும். கம்பிதான் கடைசிவரை கூட வரும் என்றார்.

"சார், வெளிய பாருங்க. கால்வா வெட்றேன்னு தெருவையே தோண்டிப் போட்டுக்கீறாங்க. கம்பி அறுந்து தொங்குது. அதுல எப்டி பேசுவீங்க?"

சொல்லி வாய் மூடவில்லை, கறுப்புப் போன் கணகணவென்று அடித்தது. எண்ணூர் படகுக்காரர் ஒருவரின் ஆர்டர். பேசி முடித்த இக்னேஷியஸ், மாதா படத்தைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இன்னாமோ சொன்னியே? தெருவையே பேத்தாலும் என் போன் பேசும். அதான் பழைய லைன்."

மகிழினி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையில் கால் வைக்கப் போனவளைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது. அதுவரை கடை மூலையில் வாயே திறக்காமல் பில் போட்டுக்கொண்டிருந்த டோரதி, இக்னேஷியஸின் மனைவி.

குடோனுக்கும் மாடி ஆபீசுக்கும் சேர்த்து ஆறு போன் வேண்டும், நாளைக்கே மாட்ட முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். எல்லாம் கறுப்பாகவே இருக்கட்டும் என்றாள்.

மகிழினிக்கு ஒன்றும் புரியவில்லை. "நெட்டுன்னாலே சார் எரிஞ்சி வுழறாரே ஆன்ட்டி. பெட்டியப் பாத்தா வுடுவாரா?"

டோரதி கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"மாதா படத்துக்குப் பின்னால வெச்சிடு. அந்தக் கறுப்புப் போனோட பெட்டியும் ஒரு வருசமா அங்கதான் கீது."