ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை

மலைமேல் முதல் பனி விழுந்த காலையில் ராய்ஸுக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. அதைப் பார்த்ததுமே டார்லீன் முடிவு கட்டிவிட்டாள்: திருட்டுப்பயல்.

மேற்கு வர்ஜீனியாவின் அந்தச் சிற்றூரில், வலி மாத்திரைக்கு அடிமையானவர்களை மீட்கும் சிகிச்சை நிலையத்தில் அவள் மனநல ஆலோசகர். மனதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நன்றாக ஆராய்வாள்.

ராய்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகை ஒடித்துக்கொண்டவர். மாத்திரைப் பழக்கம் அங்கே பிடித்தது. போன வசந்தத்தில் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சென்ற செவ்வாயன்று, மாத்திரை ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன் மருந்தைப் பதினான்கு சின்ன பாட்டில்களில், பூட்டுப் பெட்டியில் வைத்துக் கொடுத்து, வீட்டிலேயே தினம் ஒன்று குடிக்க வேண்டும், அதற்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நேற்று திடீரென்று போன் போயிற்று: "காலியோ முழுசோ, எல்லா பாட்டிலையும் நாளைக்கே கொண்டாந்து காட்டணும்."

ஒன்று குறைந்தாலும் ஆளை வெளியே தள்ளிவிடுவார்கள். தள்ளப்பட்டவர்கள் தெருவில் விற்கும் பொடியைத் தேடிப் போவார்கள். அந்த ஊர்க் கல்லறைக்கு அதுதான் குறுக்கு வழி.

"என்ன ராய்ஸ், கொட்டாவி விட்டுக்கிட்டே வர்றே? ராத்திரி வியாபாரம் ஜோரோ?"

"தூக்கமே இல்ல மேடம்."

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும். பெட்டியத் திற."

சாவி ராய்ஸின் விரல்களில் நிற்கவில்லை. வாசல் காவலர் ஓட்டிஸ் அதை வாங்கித் திறந்து கொடுத்தார். டார்லீன் கையுறையை இழுத்து மாட்டினாள். இந்த மாதம் மட்டும் மூன்று பேரைப் பிடித்து வெளியே அனுப்பிய கை அது.

"வித்துட்டியா, இல்ல தண்ணி கலந்தியா? இப்பவே சொல்லிட்டா எனக்கு வேலை மிச்சம்."

"நீங்களே பாருங்க மேடம்."

பார்த்தாள். ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், கவிழ்த்தாள், மூடியை நகத்தால் நிமிண்டினாள். எண்ணிக்கை பதினான்கு. மூடி முத்திரையை உடைத்து ஒட்டிய தடயம் எதிலும் இல்லை.

டார்லீனின் முகம் தொங்கிப்போயிற்று. ஆள் யோக்கியன் என்று தெரிந்தால் சிலருக்கு வரும் துக்கம் அது.

"பரவாயில்லையே! உன்னைப்போய் சந்தேகப்பட்டேன் பாரு. கெளம்பு."

ராய்ஸ் நகரவில்லை. "மேடம், மாசாமாசம் ஒரு ஃபாரம் வச்சுக் கேப்பீங்களே... மனசு எப்படி இருக்குன்னு..."

"அதைக் காலையிலயே நானே எழுதி முடிச்சுட்டேன். ஒன்பது கேள்விக்கும் 'பிரச்சினை இல்லை'ன்னு போட்டாச்சு. உனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கே!"

"கடைசிக் கேள்வி... உசுரோட இருக்கப் பிடிக்குதான்னு கேக்குமே..."

"வெளிய ஆறு பேரு நிக்கிறாங்க ராய்ஸ்."

அவள் தலைக்கு மேலே சுவரில், 'உங்கள் பேச்சுக்கு இங்கே காது உண்டு' என்று சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். காது சுவருக்குத்தான் இருந்திருக்க வேண்டும். ராய்ஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியேறினார்.

டார்லீன் 'குறைவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்தை இழுத்துவிட்டாள்.

"பாத்தீங்களா ஓட்டிஸ்? பதினாலும் குடுத்தது குடுத்தபடியே இருக்கு. ஒரு சொட்டுக்கூடக் குறையல. இப்படியும் ஒரு ஒழுங்கான ஆளு!"

ஓட்டிஸ் ஜன்னலுக்கு ஓடினார். ராய்ஸின் பழைய வண்டி பாலத்தைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

"ஒரு வாரமா குடிக்காம, அதை எதுக்கு மேடம் அவரு சேத்து வெக்கிறாரு?"