தலைமைப் பொறியியலாளரின் கையெழுத்து

ஏசி போட்ட அறைக்குள் நின்றும் நௌபருக்கு வியர்த்து ஒழுகியது. கள்ளம் செய்தவனுக்குத்தான் இந்தக் குளிரிலும் வியர்க்கும் என்று இராகுலன் வந்த மாத்திரத்திலேயே முடிவு கட்டிவிட்டார்.

இராகுலன் கொழும்பில் பெரிய கணினி நிறுவனமொன்றின் தலைமைப் பொறியியலாளர். ஆறு மணித்தியாலம் கார் ஓடி, திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருக்கும் இந்தக் கப்பல் முகவர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். இவர்களுடைய சேர்வர் கணினிக்கு நௌபர் இரண்டு புதுப் புரொசெசர்கள் விற்றிருந்தான். முதலாவதைப் பொருத்தியதுமே சேர்வர் படுத்துவிட்டது. இரண்டாவது இன்னும் பெட்டியிலேயே கிடந்தது.

“இவரில பிழையெண்டால் இண்டையோட இவரிட கடைப் பேரை வெட்டிப்போடுவன், சேர்,” என்றார் மனேஜர் குணேஸ்வரி. “பிறகு துறைமுகத்தில ஒருத்தரும் இவரைக் கேற்றுக்குள்ள எடுக்கமாட்டினம்.”

நௌபர் கிண்ணியாவில் பதினொரு வருடமாக நடத்தும் கடை; பாதி வியாபாரம் துறைமுகத்தை நம்பித்தான்.

“ஃபேர்ம்வெயார் எண்டால் என்னெண்டாவது தெரியுமோ உமக்கு?” இராகுலன் அவனைப் பார்க்காமலே கேட்டார். “மதர்போட்டுக்குள்ள இருக்கிற புரோகிராம். அது பழசெண்டால் புதுப் புரொசெசரை அடையாளம் பிடிக்காது. இதுகூடத் தெரியாமல் கடை திறந்துபோடுறாங்கள்.”

“தெரியும் சேர். போன மாசம் வந்ததை ஏத்தியிருக்கன்.”

இராகுலன் மடிக்கணினியைச் செருகிப் பார்த்தார். அவன் சொன்ன அதே பதிப்புத்தான். இந்தப் புரொசெசரின் பெயரும் அதன் பட்டியலில் இருந்தது. பழைய புரொசெசரைத் திரும்பப் பொருத்தினார். சேர்வர் சமர்த்தாக எழும்பியது. ஆக, மதர்போட்டிலும் பிழையில்லை. கடைக்காரன் சொன்னது சரியாகிப் போனதில் அவருக்கு எரிச்சல் கூடியது.

“ஆரைக் கூப்பிடுறதெண்டு நான் யோசிக்க, இவர்தான் உங்கட பேரைச் சொன்னவர்,” என்றார் குணேஸ்வரி. “அந்த சேர் கையெழுத்து வைச்சால் ஒருத்தராலும் மறுத்துக் கதைக்க ஏலாதாம்.”

அது உண்மைதானே என்று இராகுலன் நினைத்துக்கொண்டார். மடையனுக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது பெட்டியைக் கேட்டார். வெறும் வெள்ளைப் பெட்டி, மூடியில் வட்டமாக நீல சீல் ஸ்டிக்கர்.

“சீல் உடையல்ல சேர், ஒருக்காப் பாருங்க,” என்றான் நௌபர்.

“பெட்டி பாக்கிறது ஸ்டோர்க்காரன்ர வேலை. நான் உள்ளுக்கு இருக்கிறதைத்தான் பாக்கிறனான்.”

சொல்லிக்கொண்டே நகத்தால் ஸ்டிக்கரைக் கிழித்தெடுத்து உதறினார். அது விழாமல் அவருடைய சட்டைக் கையிலேயே ஒட்டிக்கொண்டது. புரொசெசரை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பியவர், ஏதோ பாம்பைப் பிடித்துவிட்டவர் போலச் சிரித்தார்.

“மிஸ், இஞ்ச வாங்கோ. ஓரத்தில சாம்பல் நிறத்தில பசை தெரியுதே? சூடு இறங்கிறதுக்குப் பூசுற பசை. புதுச் சாமானில இது எப்பிடி வரும்?”

குணேஸ்வரி குனிந்து பார்த்தார். பசை இருந்தது.

“இது முந்தி வேற ஒரு கொம்பனியிட சேர்வரில ஓடினது. சில கொம்பனிகளிட மதர்போட்டில ஒருக்கா ஓடினால், புரொசெசர் அந்தக் கொம்பனியோடயே சீவியத்துக்கும் பூட்டுப்பட்டுப்போகும். மற்ற மதர்போட் ஒண்டிலயும் உயிர் வராது. ஆரோ கழிச்சுவிட்டதைக் கழட்டித் துடைச்சு, புதுசெண்டு பெட்டியில போட்டு சீல் ஒட்டியிருக்கிறாங்கள்.”

நௌபர் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “அப்ப சேர், சீல் ஒட்டினவன்தான் கள்ளனா?”

“வேற ஆர்? சீல் உடையாத பெட்டியை நானே என்ர கையால திறந்தனான். கேக்கிறார் கேள்வி!”

“அதை அப்பிடியே எழுதித் தருவீங்களா சேர்?”

தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறானே என்று இராகுலனுக்கு உள்ளூரக் குஷியாக இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அறிக்கை எழுதினார். பாவித்த புரொசெசர்களைப் புதியவை என்று விற்றிருக்கிறார்கள், சீலிட்டவரே மோசடி செய்தவர், இரண்டையும் மாற்றித் தருவது அவர் பொறுப்பு என்று எழுதி, இப்படிப்பட்டவர்களோடு மானமுள்ள எவரும் தொழில் செய்யக்கூடாது என்று தன் செலவில் ஒரு வரியும் சேர்த்தார். அடியில் கையெழுத்து. கையெழுத்தின் மேல், பையிலிருந்து எடுத்த நிறுவனத்தின் ரப்பர் முத்திரை.

‘சீலிட்டவர் பெயர்’ என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்.

“அந்தப் பேரை நீங்களே போடுங்கோ மிஸ். இந்த ஆளிட கடைப் பேர் எனக்கு வாயில வராது.”

நௌபர் கிட்ட வந்தான். இராகுலனின் சட்டைக் கையில் இருந்த நீல ஸ்டிக்கரை மெல்ல உரித்தெடுத்து, அந்த வெறும் இடத்தில் ஒட்டி, பெருவிரலால் அழுத்தி விட்டான். அவனுக்கு இப்போது வியர்க்கவில்லை.

குணேஸ்வரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரில் இருந்த பொடி எழுத்தை வாசித்தார். பிறகு அதற்குக் கீழே இருந்த ரப்பர் முத்திரையை வாசித்தார். இரண்டிலும் ஒரே பெயர்.

“இதை வாங்கின உங்கட கொம்பனியிலயே மூணுதரம் கேட்டுப் பாத்தன் சேர்,” என்றான் நௌபர். “சீஃப் இஞ்சினியர் எழுதித் தந்தால்தான் மாத்தித் தருவமெண்டு சொன்னாங்க.”