அசையாத பவளம்

கோயில் புளியோதரையைச் சுகப்பிரியா இடது கையால் வாங்கினாள்.

தொன்னையை நீட்டிய சூப்பர்வைசர் புருஷோத்தமனின் முகம் சுருங்கிவிட்டது. அவள் கணவன் இசக்கிபாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மண்ணூரில் இருக்கும் அவர்களது வாடகை வீட்டுக்கு அவர் இன்றுதான் முதன்முதலாக வருகிறார். பஸ் ஸ்டாப் வரை ஓடிப்போய் அழைத்து வந்தது இதற்காகவா?

"ஏட்டி, வலது கையில வாங்கு!"

அவள் வலது கையை முந்தானைக்குள் இன்னும் இறுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

"வுடுப்பா. தொட்டியக் காட்டு" என்றார் புருஷோத்தமன்.

இசக்கிபாண்டி விளக்கைப் போட்டான். கண்ணாடித் தொட்டி முழுக்க நீல வெளிச்சம். பாறை மேல் பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று பவளத் துண்டுகள்.

"அடேங்கப்பா! இதெல்லாம் உசுரோட கீதா?"

"உயிரேதான் சார்! கூட்டாளி அவன் தொட்டியில வளர்ந்தத வெட்டிக் கொடுத்தான். நேத்து ராத்திரிதான் பசை வச்சுப் பாறையில ஒட்டினேன். அந்தா... அந்தா விரியுது பாருங்க!"

சட்டைப் பொத்தான் அளவுப் பூக்கள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. புருஷோத்தமன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டார்.

"யப்பா, இன்னா அழகு! எம்பொண்ணு பாத்தா வூட்டுக்கே வரமாட்டா!" அவர் குரல் தெருவுக்கே கேட்டது. "ஆமா, இந்த ரெண்டு மட்டும் ஏன் மூடிக்கினே கீது?"

"புது ஆளைப் பார்த்தா கூச்சம் சார்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"தண்ணி இந்த அடி அடிக்குதே, பிச்சுக்கினு வராது?"

"நான் ஒட்டினது சார். பாறை வேணா அசையும், துண்டு அசையாது!"

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே புருஷோத்தமன் குரலைத் தாழ்த்தினார். "வேலை சூப்பர்ப்பா. ஆனா வூட்ல கொஞ்சம் சொல்லி வையி. சாமி பிரசாதம் அது."

அவர் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், இசக்கிபாண்டி உள்ளே பாய்ந்தான்.

"என் மானத்த வாங்கிட்டியேட்டி!"

சுகப்பிரியா முந்தானையை விலக்கினாள். வலது கை விரல்களில் மூன்று பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"நீங்க பஸ் ஸ்டாப்புக்குப் போன நேரம் தொட்டியில கெடக்குற நத்தை ஏறி ரெண்டு துண்ட உருட்டி விட்டுட்டு. அவசரமா எடுத்து ஒட்டினேனா, கையும் சேர்ந்து ஒட்டிட்டு."

"அத அவர்ட்டயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா, நீங்க ஒட்டினது நிக்கலன்னுல்லா ஆயிரும்!"